அவர் தோட்டா மாற்றிய நேரம்

ஓடுகிறேன். காலில் செருப்பில்லை. வலது இடுப்பில் மகள். நான்கு வயது. டெங்கில் ஊரில் எங்கள் செம்பனைத் தோட்டம். ஞாயிறு, பிற்பகல் மூன்று பத்து. பின்னால் வெடிக்கிறது. தலைக்கு மேல் மட்டை கிழிகிறது. இடது தோள் தீயாய் எரிகிறது.

சுடுவது என் கணவர், குணா.

இரட்டைக்குழல் துப்பாக்கி. காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸோடு வாங்கியது. குடிக்காத நாளில் துடைத்து, எண்ணெய் போட்டு, அலமாரியில் பூட்டுவார். குடித்தால் மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடம் அப்படித்தான். "ஸ்டேஷன்ல சொல்லிடலாம் அண்ணி" என்றார் கொழுந்தன் சேகர். "லைசென்ஸ் போயிடும் லா. அவரு தாங்க மாட்டாரு" என்றேன். நான்தான் சொன்னேன்.

அன்று காலை பத்துக்கே பீர். பிறகு சம்சு, மலிவுச் சாராயம். சாப்பாட்டு மேசையில் சேகர் கை நீட்டினார்.

"அலமாரி சாவியக் குடுண்ணே. நாளைக்கு வாங்கிக்க."

குணா சிரித்தார். உள்ளே போனார். முதல் வெடி கூரையில். சோற்றில் சிலிங் தூள் கொட்டியது. ஓடினோம். இரண்டாவது என் தோளில்.

இப்போது சத்தமில்லை. பிறகு, க்ளக். குழலை மடிக்கிறார். வெற்றுத் தோட்டாக்கள் தரையில் விழுகின்றன. மறுபடி நிரப்புகிறார்.

"ஓடுங்க அண்ணி! பாரிட்ல குதிங்க! தலையத் தூக்காதீங்க!"

வாய்க்காலில் குதித்தேன். கழுத்தளவு சேற்றுத் தண்ணீர். மகளின் வாயைப் பொத்தினேன். சேகர் குதிக்கவில்லை. திரும்பி நடந்தார்.

"அண்ணே, நான்தாண்ணே! கீழ போடு!"

க்ளக். குழல் மூடியது. மூன்றாவது வெடி. சேகரின் குரல் நின்றது. நான்காவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் அழைத்துப் போலீஸ் வந்தது. "லெதாக்! லெதாக் செனாப்பாங்!" குணா துப்பாக்கியைக் கீழே வைத்தார். தம்பியின் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை லாக்கப்பில் கேட்டாராம்: "தம்பி சாப்பிட்டானா?"

இழந்ததைச் சொல்கிறேன். சேகர், முப்பத்தொரு வயது, லோரி ஓட்டியவர். நெஞ்சில் ஒரே வெடி. குணா உயிரோடு இருக்கிறார், சிறையில். அங்கே குடியில்லை. தெளிவான கையெழுத்தில் கடிதம் வருகிறது. நான் பிரிப்பதில்லை. என் தோளிலிருந்து எடுத்தது ஏழு ஈய ரவை. எடுக்க முடியாதது நான்கு. இடது கை மேலே எழாது. மகளுக்குச் சடை பின்ன இரண்டு கை வேண்டும். அவள் முடியைக் கத்தரித்துவிட்டேன்.