காது மாலை

டிசம்பர் 9, செவ்வாய். வாசனை மாலைக்கான ஆரஞ்சுப் பழங்களைக் குறுக்கே வெட்டாமல் நெடுக்கே வெட்டிவிட்டேன். சாயங்காலக் கைவினை வகுப்பில் டீச்சர் வெட்டிக் காட்டியபோது நான் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கத்தி போன திசையைப் பார்க்கவில்லை. பேசியவர்கள் அக்கா, நான், பிறகு வீட்டுக்காரம்மா. என் ஞாபகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் பேசியதைப் பேசியபடியே எழுதிவைக்கிறேன்.

— சக்கரம் சக்கரமா வரும்னியேடி. இது என்ன, வரிசையா காதை அடுக்கி வெச்சிருக்கே?

— நெடுக்கே வெட்டிட்டேன்க்கா. காய்ஞ்சா சரியாயிடும்னு நெனச்சேன்.

— சரியாயிடுச்சு. நேத்து எளவட்டக் காது, இன்னிக்குக் கிழட்டுக் காது.

— சிரிக்காதக்கா, எனக்கே பயமா இருக்கு. வேற பழம் வெட்டட்டா? சின்னத் தணல்ல ஆறு மணி நேரம் காயணும்...

— வீட்டுக்காரம்மா நாலு மணிக்கு வந்து நிக்கப்போகுது, நீ ஆறு மணி நேரம் காய வைக்கப்போறியா? மூக்குக்குத்தானே இந்த மாலை? கண்ணுக்கு இல்லையே? கோர்டி.

— அப்ப பட்டையை எடு. ஐயோ, உடைக்காத! முழுசா. ஒரு காது... ஒரு ஆரஞ்சு, ஒரு பட்டை, ரெண்டு பிரிஞ்சி இலை, ஒரு அன்னாசிப்பூ. மறுபடி ஆரஞ்சு.

— இவ்வளவு சாமான்ல ஒரு கல்யாணத்துக்கே சமைச்சிருக்கலாம்.

— குளிர்காலத்துல கதவு ஜன்னலெல்லாம் சாத்தியே இருக்கும், அதனால வாசனை வெளிய போகாம நிக்கும்னு டீச்சர் சொன்னாங்க.

— வாசனை மட்டுமா நிக்குது? பின் ரூம் சுவத்துல தண்ணி ஊறி ஊறி நாத்தமும்தான் குடும்பத்தோட நிக்குது. ஓட்டைக் குழாய் அந்தம்மாவோடது, சுவரு அந்தம்மாவோடது, நாத்தம் மட்டும் நம்மளோடதாம்! "இப்படியா வீட்டை வெச்சிருப்பீங்க"ன்னு போன மாசம் கேட்டுட்டுப் போச்சே.

— மறக்கலக்கா.

— இந்த மாசத்தோட வாடகை ஒப்பந்தம் முடியுது. காலி பண்ணுன்னா எங்க போறது? இந்தத் தெருவே என்கிட்டதான் துணி தைக்குது. மிஷினைத் தலையில வெச்சுக்கிட்டு வேற தெருவுல போய், "தைக்கணுமா, தைக்கணுமா"ன்னு கூவவா?

— அதுக்குத்தானே இதைச் செய்றேன். இந்தா, முழு ஆரஞ்சு ஒண்ணு மிச்சம் இருக்கு. தோல்ல கிராம்பைக் குத்து. மெதுவா.

— ஆத்தாடி!

— என்னக்கா?

— கட்டை விரல்ல குத்திக்கிட்டேன். இனி நானும் மணப்பேன்.

— பெல் அடிக்குதுக்கா!

— அதுக்குள்ளயா? மாலையைத் தூக்கிட்டு ஓடு, பின் ரூம் ஆணியில மாட்டு. நான் கதவைத் திறக்கிறேன்... வாங்கம்மா, வாங்க வாங்க!

— சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, உங்க வீட்டுக்கு வர்றதுன்னா கைக்குட்டையில தைலம் தடவிக்கிட்டுத்தான் வர வேண்டியிருக்கு... என்னதிது? நான் வீடு மாறி வந்துட்டேனா?

— உங்க வீடுதாம்மா.

— கமகமன்னு இருக்கே!

— எப்பவும் இப்படித்தாம்மா.

— எப்பவும் இல்லக்கா, ஒரு வாரந்தான் நிக்கும்னு டீச்சர்...

— நீ சும்மா இரு. படிக்கிற புள்ளைம்மா, எதுக்கெடுத்தாலும் சந்தேகம். போன தடவை நீங்க வந்தன்னிக்கு ஏதோ காத்து மாறி அடிச்சிருக்கும்.

— இருக்கும், இருக்கும். அட, பின் ரூம்கூட மணக்குதே! சுவத்துல என்ன தொங்குது? சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, காதா?

— ஆரஞ்சுங்க. நெடுக்கே வெட்டிட்டேன். தப்பு என்னோடதுதான்.

— பார்க்கப் பார்க்க நல்லாத்தான் இருக்கு. இந்த ரூம்ல தாராளமா படுத்துத் தூங்கலாம் போல.

— கண்ணை மூடிட்டுத் தூங்கலாம்மா!

— இந்த மூலையில ஒரு தொட்டில் போடலாம்.

— ரெண்டு தொட்டில் போடலாம்மா, எடமா இல்ல!

— அக்கா... தொட்டில் எதுக்குன்னு கேளு.

— அட ஆமா. எதுக்கும்மா தொட்டில்?

— என் மகளுக்குத்தான். முழுகாம இருக்கா, வீடு தேடித் தேடிக் காலே தேஞ்சு போச்சு அவளுக்கு. போன மாசம் என்கூட வந்தவ, வாசலைத் தாண்டல. நாத்தம் தாங்காம, "சும்மா குடுத்தாலும் இந்த வீடு வேணாம்மா"ன்னு ஓடிட்டா. சரி, உங்களை விட்டா இங்க எவன் இருப்பான்னு, மூணு வருஷத்துக்கு உங்களுக்கே எழுதிக் குடுத்துடலாம்னு பத்திரத்தோட வந்தேன். இதோ, பையிலதான் இருக்கு.

— அடியே, பேனா கொண்டாடி!

— இரும்மா, இரு. அதான் வந்த எடத்துல மனசு மாறிப் போச்சே. சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, எப்பவும் இப்படி மணக்கிற வீட்டை வெச்சுக்கிட்டு என் பொண்ணு எதுக்கு ஊரெல்லாம் அலையணும்? நாளைக்குச் சாயங்காலம் அவளைக் கூட்டிட்டு வரேன். அவ மூக்கு என்ன சொல்லுதோ அதுதான் முடிவு. அவளுக்குப் புடிக்கலன்னா அங்கயே, அப்பவே, உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். வரட்டா?

— சரிங்கம்மா, பார்த்துப் போயிட்டு வாங்க.

— போயிட்டாங்களாக்கா?

— போயாச்சு.

— என் தப்புதான். ஒழுங்கா குறுக்கே வெட்டியிருந்தா...

— ஒழுங்கா வெட்டியிருந்தா அந்தம்மா இன்னிக்கே தொட்டிலை மாட்டியிருக்கும்.

— அழறியாக்கா?

— கிராம்புக் கையைக் கண்ணுல வெச்சுட்டேன்டி. மூக்கை உறிஞ்சாம டைரியை எடு. நாளைக்கு வேலைன்னு போடு. நான் சொல்லச் சொல்ல எழுது.

நாளை: விடிந்ததும் மாலையைக் கழற்றி, பைக்குள் பை போட்டு இறுக்கிக் கட்டுவது. பின் அறை ஜன்னலைச் சாத்தியே வைப்பது. கருவாடு, அரைக் கிலோ.