யாரும் வராதீங்க

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் இருந்தவரைப் பார்த்து அந்த அம்மா உரக்கச் சொன்னார்: "பிரஸ்காரண்ணே! எம் பொண்ணு கல்யாணத்துக்கு யாரும் வராதீங்கன்னு பத்திரிகை அடிச்சுக் குடுத்தீங்களே!"

அவர் சிரித்தார். "கொரோனால சொந்தக்காரங்கள கூப்பிட முடியலன்னு அழுதுகினு வந்தியேம்மா. 'வூட்ல இருந்தே வாழ்த்துங்க'ன்னு நாந்தான் எழுதினேன்."

"அதப் படிச்சிட்டு ஒருத்தரும் கோச்சிக்கலண்ணே. எல்லாம் உங்க புண்ணியம்."

"இன்னாம்மா நீ! அப்ப அச்சு மிஷின விக்க ஆள் பாத்துக்கினு இருந்தேன். உன் பத்திரிகையப் பாத்துட்டுதான் அதே மாதிரி வேணும்னு ஊர் ஊரா வந்தாங்க. இன்னிக்கும் கடை கீதுன்னா உன்னாலதான்."

அந்த அம்மா ஜன்னலோரம் இருந்த சிறுமியை அவர் பக்கம் திருப்பினார். "எம் பொண்ணு பெத்த புள்ளண்ணே."

சிறுமி கைகூப்பினாள். அவரும் எழுந்து நின்று கும்பிட்டார்.