ரெண்டு கட்டுக் கீரை

இல்ல சிஸ்டர், ஒரு நிமிஷம், அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சிடுங்க. மாத்திரை ஒழுங்கா போடலைன்னு எழுதியிருக்கீங்கல்ல, அது.

ஆமா, நான்தான் காலையில சொன்னேன். அவரைத் தூக்கிட்டு வந்த பதட்டத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டேன். தப்பு. என் வீட்டுக்காரர் ஒரு நாள் விடாம போட்டார்.

எப்படித் தெரியுமா? சொல்றேன், உக்காருங்க. நீங்க கீரை சாப்பிடுவீங்களா? ஐயோ, பேச்சை மாத்தலைம்மா. நெஞ்சுல வால்வு மாத்தினப்புறம் மனுஷன் வெளுத்துப் போய்ட்டார். வெல்டிங் பட்டறையில நாள் பூரா நின்னவர், மாடிப்படி ஏற மூச்சு வாங்கினார். தையல் கம்பெனியில எனக்குப் பக்கத்து மிஷின் அக்கா சொன்னாங்க, பசலைக்கீரை குடு, இரும்புச்சத்து, கண்ணுக்கு நல்லது, எலும்புக்கு நல்லதுன்னு. பொய்யில்லையே, எல்லாம் உண்மைதானே? தினம் ரெண்டு கட்டு. காலையில சாறு, மதியம் டப்பாவுல மசிச்சது, ராத்திரி முட்டையில போட்டு. என்னை என்ன ஆடுன்னு நெனச்சியா, கொம்பு முளைக்கப் போகுதுடின்னு திட்டுவார். திட்டிக்கிட்டே கிண்ணத்தை வழிச்சுக் காட்டுவார்.

அப்புறம்தான் ரத்தச் சோதனையில நம்பர் இறங்குச்சு. ரத்தம் உறையாம இருக்கத்தானே அந்த மாத்திரை, அது வேலை செய்யலைன்னாங்க. மறந்தீங்களான்னு டாக்டர் கேட்டார். மறக்கலைன்னார் இவர். சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களான்னு கேட்டார். இவர் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன், எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்னு. கீரையைப் போய் யாரும்மா மாத்தம்னு சொல்லுவாங்க?

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். உடம்பு தேறலையேன்னு நான் கீரையைக் கூட்டினேன். நம்பர் ஏறவே இல்ல.

வீட்டுல ஒரே சண்டை. மாத்திரையைத் துப்பிட்டு வர்றீங்க, என்னையும் பொண்ணையும் நடுத்தெருவுல விடப் போறீங்கன்னு கத்தினேன். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு எதிர்ல உக்காந்து பாத்தேன். வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்கன்னு. அம்பது வயசு மனுஷன், பச்சைக் குழந்தை மாதிரி தூக்கிக் காட்டினார். அப்பவும் நம்பலை. இன்னிக்குக் காலையில கை மரத்துப் போச்சுன்னார். அப்பவும் அதையேதான் கேட்டேன். முழுங்கிட்டேன்டி, நம்புன்னார். அவ்வளவுதான், வாய் கோணிடுச்சு. அதுக்கப்புறம் பேச்சே இல்ல.

பழைய ஃபைலைக் கொண்டு வரச் சொன்னீங்கல்ல. இந்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சு குடுத்த தாள், மடிச்ச மடிப்பு கலையாம இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் நான் பிரிச்சதே இல்ல. மூணாவது வரியைப் படிங்க. கீரை சாப்பிடற அளவைத் திடீர்னு கூட்டக் கூடாது, மாத்திரையோட வேலையைக் கெடுக்கும், டாக்டர்கிட்ட கேக்கணும்னு போட்டிருக்கு.

எனக்குத் தண்ணி வேண்டாம். எழுதுங்க.

அவருக்குக் காது கேக்கும்னு சொன்னீங்கல்ல? பெரிய டாக்டர் வந்து கட்டில் பக்கத்துல நின்னு நீங்க எழுதினதைச் சத்தமாப் படிப்பார். போடலைன்னு படிச்சா, இல்லைன்னு சொல்ல அவரால முடியாதும்மா. அதனாலதான் கேக்கறேன். மாத்திரை தினம் போட்டார்னு எழுதுங்க. அதுக்குக் கீழ, தினம் ரெண்டு கட்டுக் கீரை, குடுத்தது மனைவின்னு எழுதுங்க.