காதில் விழாத ‘மத்’

சுவர் சரிகிறது. அடுத்த வீட்டுச் சுவர். முதலில் தகரம் கிழியும் சத்தம். பிறகு செங்கல் கொட்டும் சத்தம். எங்கள் குடிசைப் பகுதியை இடிக்க வந்த புல்டோசர் நகர்ந்து நகர்ந்து வருகிறது.

“நிக்லோ! வெளிய வாங்க எல்லாரும்!” போலீஸ் கத்துகிறது.

எங்களால் வர முடியாது. உள்ளே செல்விக்குக் குழந்தையின் தலை தெரிய ஆரம்பித்துவிட்டது.

செல்வி என் கொழுந்தனின் மனைவி. கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்தவள். இந்தி தெரியாது. நான் ஜங்புராவில் வருஷக்கணக்காக வீட்டுவேலை செய்கிறேன். இந்திக்கு அவளுடைய வாய் நான்தான். காதும் நான்தான்.

இடிபாட்டில் ஆம்புலன்ஸுக்கு வழியில்லை. டிஸ்பென்சரி நர்ஸ் நடந்தே வந்தார். வெந்நீரில் நனைத்த துணியைக் கீழே ஒற்றடமாக வைத்தார். சதை இளகிக் கொடுக்கும். இன்னொரு கையால் தலையைத் தாங்கினார். பாய்ந்து வந்துவிடக் கூடாது. அப்போதுதான் சொன்னார். “ஜோர் மத் லகாவோ.” முக்காதே. வாயால் ஊதி மூச்சு விடு, தலை மெதுவாக வரட்டும் என்று அர்த்தம்.

அந்த நேரம் பக்கத்துக் கூரை விழுந்தது. எனக்கு ‘ஜோர்’ கேட்டது. ‘லகாவோ’ கேட்டது. நடுவில் இருந்த ‘மத்’, ‘வேண்டாம்’ என்கிற சொல், கேட்கவில்லை. திருப்பிக் கேட்டிருக்கலாம். பிரசவத்தில் வேறென்ன சொல்லப் போகிறார்கள் என்ற மிதப்பு எனக்கு.

“முக்குடி செல்வி! நல்லா முக்கு!”

முக்கினாள். நான் சொன்னால் செய்வாள். குழந்தை ஒரே உந்தலில் வந்துவிட்டது. நர்ஸ் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

கிழிசல் ஆசனவாய்த் தசை வரை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டார்கள். முதல் பிரசவம், எப்படியும் கிழிந்திருக்கலாம் என்றார் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறேன். முடியவில்லை.

மலம் இறுகக் கூடாது. சுத்தமாகக் கழுவ வேண்டும். தசையை இறுக்கித் தளர்த்திப் பழக வேண்டும். திரும்ப வந்து காட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் இந்த முறை திருப்பித் திருப்பிக் கேட்டுச் சொன்னேன். ஆனால் இடித்ததற்குப் பதிலாக எங்களுக்குக் கொடுத்த வீடு ஊரின் அந்தக் கோடியில். குழாயில் தண்ணீர் வராத நாள்தான் அதிகம். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது. மலத்தை அடக்கவும் முடியாது. காட்டப் போகவே இல்லை.

“நான்தான்க்கா அவசரப்பட்டுட்டேன். நர்ஸம்மா என்ன நெனச்சாங்களோ.”

குழந்தைக்குத் துணி மாற்றுகிறேன். தப்பாகச் சொன்னது நான்தான் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

போனவற்றை எண்ணிச் சொல்கிறேன். வீடு ஒன்று. கேஸ் அடுப்பு ஒன்று. நான் வேலை பார்த்த வீடுகள் நான்கு. செல்வி கோயிலுக்குப் போவதில்லை, விசேஷங்களுக்குப் போவதில்லை. துணி கறைபட்டுவிடும் என்று பயம். புருஷன் பக்கத்தில் உட்காரக் கூச்சம். உயிர்ச்சேதம் இல்லை. குழந்தை நன்றாக இருக்கிறாள்.

செல்விக்கு என்மேல் இருக்கும் நம்பிக்கை மட்டும் போகவில்லை.