மூன்றாவது மாடியில் நிற்கும் கதை

மேடையில் இருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, சிஸ்டரின் கணவரே, மகளே, டயாலிசிஸ் பிரிவுக்கு வந்துபோகும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் இந்த மருத்துவமனையில் லிப்ட் ஓட்டுகிறவன். இந்தத் தாளை நானே எழுதினேன். எழுதப் பழகியது இந்த வயதில்தான். வரிகள் மேலே ஏறியும் கீழே இறங்கியும் போகின்றன. லிப்ட்காரன் கையெழுத்து வேறு எப்படி இருக்கும்? வாசிக்கையில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தலைமைச் செவிலியரை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்? ராக்கெட் சிஸ்டர் என்றால்தானே நமக்குத் தெரியும்! உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத அந்த அம்மாவுக்குப் புத்தகம் படிக்க எங்கே நேரம் இருந்தது? என் லிப்டில் இருந்தது. கீழே மருந்துக் கிடங்குக்கும் மூன்றாவது மாடி டயாலிசிஸ் பிரிவுக்கும் நடுவில், சுவரில் சாய்ந்தபடி ஒரு பக்கம் முடித்துவிடுவார். விஞ்ஞானப் புத்தகம், இல்லாவிட்டால் விஞ்ஞானக் கதை. நல்ல இடம் வந்தால் முகத்திலேயே தெரியும். நிறுத்தாமல் உச்சி மாடிவரை கொண்டுபோவேன். லிப்ட் பழுதென்று மெக்கானிக்கைக்கூட வரவழைத்தார்கள். அவர் தேடிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

ஒருநாள், ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றார். மூன்றும் வலித்தால் எந்த டாக்டரிடம் போகும் என்று கேட்டேன். சிரித்துச் சிரித்துப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார். சிஸ்டர், உங்களுக்கு இருந்தது ஒன்றுதானே! அதையா நின்றுபோகும்வரை இப்படி ஓட ஓட விரட்டினீர்கள்?

படித்ததை ஊசி குத்தும் நேரத்தில் நோயாளிகளுக்குச் சொல்வார். முன்வரிசையில் இருக்கிறாரே பஸ் டிரைவர் ஐயா, அவர் ஒருமுறை, போதும், இனி டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சிஸ்டர் கெஞ்சவில்லை. தூர நட்சத்திரத்துக்குப் போகும் ஒரு கப்பலின் கதையைத் தொடங்கி, நல்ல இடத்தில் நிறுத்திவிட்டுப் போனார். அடுத்த முறை ஐயா முதல் ஆளாக வந்து நின்றார்.

எனக்கும் அதே பாடுதான். மூன்றாவது மாடி வந்தால் கதை நின்றுவிடும். பொறுக்க முடியாமல்தான் எழுதப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்தேன். லிப்டில் சிஸ்டரின் தோளுக்குப் பின்னால் நின்று முதன்முதலாக ஒரு வரியை முழுதாக வாசித்தேன். "கப்பல் கிளம்பியது." அன்று அவர் மூன்றாவது மாடியில் இறங்கவே இல்லை.

கடைசியாக வந்த அன்றைக்குச் சொன்னார், "கிளம்பினவங்க யாரும் போய்ச் சேரமாட்டாங்கண்ணே. அவங்க பேரப்பிள்ளைங்கதான் இறங்குவாங்க."

"அப்புறம் இவங்க எதுக்கும்மா கிளம்பணும்?"

கதவு திறந்துவிட்டது. "நாளைக்குச் சொல்றேன்" என்று ஓடினார்.

அந்த நாளைக்கு நான் எங்கே போவேன்?

நேற்று வாசலில் டிரைவர் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கதை சொல்ற பொண்ணே போயிடுச்சு. இனி எதுக்குய்யா நான் வரணும்?" என்றார். அதற்குப் பதிலைத்தான் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஐயா, சிஸ்டரின் கணவர் அந்தக் கப்பல் கதைப் புத்தகத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார். அடையாளத்துக்கு ஊசி உறையைக் கிழித்து வைத்திருக்கிறார் சிஸ்டர். அதற்கு மேல் ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை. உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், நாளாகும். நாளாகட்டும். அவர்கள் எதற்குக் கிளம்பினார்கள் என்று உங்களைப் போலவே எனக்கும் தெரியாது.

திங்கட்கிழமை வாங்க ஐயா. லிப்டைக் கீழேயே நிறுத்தி வைத்திருப்பேன்.