கயிறு இழுக்க பிரஷர் வேண்டுமாம்

டாலிகஞ்ச் போகும் மெட்ரோவில் என் பக்கத்து இருக்கைத் தமிழ்க்காரர் தன் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: “மூணு நாளா பிரஷர் மாத்திரை போடலை.”



“ஏன்?” என்றார் அந்த அம்மா.

“போட்டா கை கால் தளர்ந்து போகுது. சாயங்காலம் நம்ம தெரு வங்காளிங்க பாடா கிளப்புல கயிறு இழுக்கிற போட்டி. பிரஷர் ஏறினாத்தானே பலம் வரும்?”

“நீங்க என்ன குக்கரா? இழுக்கும்போது மூளையில நரம்பு வெடிச்சா உங்க கிளப்பு அண்ணன்மாருல எந்த தாதா வந்து தூக்குவார்?”

“என்னைத்தான் கடைசி ஆளா நிக்கச் சொல்லியிருக்காங்க. பெருமைடி!”

“அது பலத்துக்கு இல்லீங்க, கனத்துக்கு. மாத்திரை போட்டா தொப்பை கரைஞ்சிடாது.”

அவர் கையை நீட்டினார். அந்த அம்மா கைப்பையைத் திறந்து மாத்திரையை எடுத்தார்.