மருமகள் அறைக்குள் மாட்டிய வால்வு

ஒட்டுக்கேட்பதில் அனுபவம் உள்ளவன் நான். திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறியதும் பேப்பரை விரித்துக்கொண்டேன். முன்சீட்டில் பழக்கூடையோடு இருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

“எம் மருமவ கதவத் தொறந்தாத்தான் எங்க தெருவுக்கே தண்ணி வரும்பா.”

“இன்னாண்ணே சொல்றீங்க?”

“புள்ள கல்யாணத்துக்குன்னு தெருப்பக்கமா ஒரு ரூம்பு இழுத்துக் கட்டுனேன். முனிசிபாலிட்டி குழா வால்வு உள்ள மாட்டிக்கிச்சு. விடியறதுக்கு முன்ன தண்ணி தொறந்துவுடுற ஆளு வந்து கதவத் தட்டுவான். பின்னாடி தெருவே குடத்தோட நிக்கும்.”

“புதுசா கல்யாணம் ஆனதுங்க ரூம்புலயா!”

“அதான் ஒரு மாசம் பொறுத்துப் பாத்துட்டு, விக்கிரவாண்டில அம்மா ஊட்டுக்கே போயிட்டா. கூட்டியாறத்தான் போய்க்கினு இருக்கேன்.”

“செவுத்த இடிச்சிடுங்கண்ணே.”

“இன்னாத்துக்கு? நானும் எம் பொண்டாட்டியும் அந்த ரூம்புக்குப் போயிடறோம். எங்க ரூம்ப அதுங்க எடுத்துக்கட்டும். இதச் சொன்னா கண்டிப்பா வந்துடுவா.”

“அண்ணி ஒத்துக்கினாங்களா?”

விக்கிரவாண்டி வந்துவிட்டது. கூடையை அணைத்துக்கொண்டு அவர் எழுந்தார்.

“அவகிட்ட இன்னும் சொல்லலப்பா. மருமவள எதுர்ல வச்சிக்கினு சொன்னா திட்ட மாட்டா.”